ஏழு ஊருக்கு ஒரு ஒத்திகை

போன தை மாதம், ஒரு சனிக்கிழமை காலை, மதுரையிலிருந்து செங்கோட்டை போகும் ரயிலில் நடந்தது இது. விபத்தோ திருட்டோ இல்லை. ஒரு அம்மாள் என்னை இடம் மாறி உட்காரச் சொன்னார். நான் மாறி உட்கார்ந்தேன். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ரயிலில் எந்தச் சீட்டும் எனக்குச் சௌகரியமாக இல்லை.

நானும் மனைவியும் அந்த ரயிலில் ஏன் ஏறினோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்துகிறேன். வியன்னாவை ஒருமுறைகூடப் பார்க்காமல், அங்கே யார் யாரோடு சமாதானம் பேசினார்கள் என்று இருபத்தைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளும் நம்பித் தேர்வு எழுதிவிட்டுப் போகிறார்கள். மனைவி பரவைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் வேலைக்காக வடக்கே போய்விட்டாள். பதினோரு வருடம் படுக்கையில் கிடந்த என் தாயாரும் காலமான பிறகு, மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டை வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம்.

அந்தப் பதினோரு வருடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் ஊறிப்போயிருந்தது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அதனால் எந்த ஊருக்கும் ஒருவர்தான் போவோம். கல்யாணம், காதுகுத்து என்றால் அவள். துக்கம் என்றால் நான். என் முகம் அதற்குத்தான் தோதாக இருக்கிறது என்று சொந்தக்காரர்களே ஒப்புக்கொண்டார்கள். அம்மா போன பிறகும் முறை மாறவில்லை. காவலுக்கு ஆள் தேவைப்படாத வீட்டை நாங்கள் மாறி மாறிக் காவல் காத்தோம். தண்ணி வந்துவிட்டதா, மோட்டாரை நிறுத்தியாயிற்றா, கேஸுக்குச் சொன்னாயா. ஒரு நாளில் நாங்கள் பேசிக்கொண்டதை ஒரு தபால் அட்டையில் எழுதினால் விலாசத்துக்குப் போக முக்கால்வாசி இடம் மிஞ்சும்.

இதைச் சரிசெய்ய நான் கண்டுபிடித்த மருந்துதான் வெளிநாட்டு ரயில் பயணம். வியன்னாவில் தொடங்கி வெனிஸில் முடியும். ஏழு ஊர், பதினாறு நாள், நாங்கள் இருவர் மட்டும். அரக்கப்பரக்க ஓடும் சுற்றுலா இல்லை, ஆற அமரப் போகிற பயணம். ஆற அமரப் போவதற்காக எட்டு மாதம் நான் அரக்கப்பரக்க உழைத்தேன். கல்லூரியிலிருந்து வந்ததும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எந்த ரயிலில் எந்தப் பக்கம் மலை தெரியும், எந்த நிலையத்தில் பெட்டியை உருட்ட வழி இருக்கிறது, எல்லாம் எனக்கு மனப்பாடம். அச்செடுத்துக் கோப்பாகப் போட்டேன். மனைவி எப்போதாவது கதவைத் திறந்து, "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்பாள். "இன்ஸ்ப்ருக் முடிச்சிட்டு வாரேன்" என்பேன். ஏழு ஊரில் அதுவும் ஒன்று.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று தோன்றியது. செங்கோட்டைக்கு ஒரு நாள் ரயிலில் போய்வருவது, இருவரும் சேர்ந்து, வீட்டைப் பூட்டிவிட்டு. அவள் மறுக்கவில்லை. பூட்டை மட்டும் மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்.

மூன்று பேர் உட்காரும் பலகையில் ஜன்னலோரம் நான், நடைபாதை ஓரத்தில் அவள். நடுவில் பை, பைக்குள் கோப்பும் பிளாஸ்க்கும். திருப்பரங்குன்றம் மலை கடந்தபோது, "குன்றத்துல இன்னிக்குக் கூட்டம் இருக்கும்" என்றேன். "முகூர்த்த நாள்ல" என்றாள். அதோடு கையிருப்பு தீர்ந்துவிட்டது. பதினாறு நாளைத் தாங்க வேண்டிய பேச்சு இருபது நிமிடம்கூட வரவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன், அவள் போனைப் பார்த்தாள்.

திருமங்கலத்தில் ஒரு தம்பதி ஏறினார்கள். எங்கள் வயதுதான் இருக்கும். அந்த அம்மாள் ஒரு பார்வையில் பெட்டியை அளந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அண்ணே, தனியாத்தான வாரீக? அந்த ஒத்தைச் சீட்டுல உக்காந்துக்கிறீகளா? நாங்க புருசன் பொஞ்சாதி ஒண்ணா உக்காந்துக்கிருவோம்."

இந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். மனைவியைப் பார்த்தேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவள் சொல்வாள் என்று நினைத்தேனா, கேட்டவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேனா, இன்றைக்கும் தெரியவில்லை. எழுந்தேன். பையை எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒற்றைச் சீட்டில் போய் உட்கார்ந்தேன். மடியில் ஏழு ஊர்.

அந்த அம்மாள் ஜன்னலோரம், அவருடைய கணவர் நடுவில், ஓரத்தில் என் மனைவி. விருதுநகர் வருவதற்குள் தூக்குவாளி திறந்தாயிற்று.

"சட்னி டப்பா எங்க?"

"நீதான எடுத்து வச்ச."

"எடுத்து வச்சது நானு. பையில போடச் சொன்னது உங்கள."

"எங்கிட்டச் சொன்னியா, மனசுக்குள்ள சொன்னியா?"

"முப்பது வருசமா மனசுக்குள்ளதான் சொல்றேன். வெளிய சொன்னா ஊரு தாங்காது."

சிவகாசிவரை அந்தச் சட்னி ஓடியது. இடையில் அந்த அம்மாள் பிட்டுக் கொடுத்த இட்லியைக் கணவர் தின்றார், கணவர் திறந்து கொடுத்த தண்ணீரை அந்த அம்மாள் குடித்தார், சண்டையும் நிற்கவில்லை. எட்டு மாதம் தேடியும் எந்த இணையதளத்திலும் கிடைக்காத ஒன்று, மூன்றடி தூரத்தில் சட்னி இல்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பிறகு அந்த அம்மாள் கணவரைத் தாண்டிக் குனிந்து என் மனைவியிடம் கேட்டார். "ஒத்தையிலயா வாரீக மதினி?"

என் மனைவி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். கணக்கு டீச்சர், யோசித்துத்தான் விடை சொல்வாள்.

"ஆமா. ஒத்தையிலதான்."

"வீட்டுக்காரரு வரலையா?"

"அவரு வெளிநாடு போறதுக்குப் பிளான் போட்டுக்கிட்டு இருக்காரு. எட்டு மாசமா."

"நல்ல மனுசன். அம்புட்டுத் தூரம் போறவருக்கு உங்களைச் செங்கோட்டைவரைக்கும் கூட்டிட்டு வரத் தெரியலையாக்கும்."

மனைவி சிரித்தாள். அவள் சிரிப்பை வெகுநாள் கழித்துக் கேட்டேன், அதுவும் வேற்றாளாக உட்கார்ந்து. கோப்பைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒரு எழுத்தும் ஓடவில்லை. நான் ஊரூராகத் தனிமைக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது, சாத்திய கதவுக்கு வெளியே இன்னொருத்தி தனியாக இருந்திருக்கிறாள். எட்டு மாதம் அல்ல, அதற்கு முன்னாலிருந்தே.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்வரை தைரியத்தைத் திரட்டினேன். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, வகுப்பில் வருகைப்பதிவுக்குப் பதில் சொல்லும் மாணவன்போல், "அந்த வீட்டுக்காரர் நான்தாம்மா" என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஒருமுறை பார்த்தார், என் மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லங்க" என்றாள் மனைவி. "அதுக்கும் பேசணும்ல."

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. கணவரை முழங்கையால் இடித்தார். "எந்திரிங்க. அண்ணனுக்கு எடத்தை விடுங்க." "நான் எங்கிட்டுப் போக?" என்று முனகிக்கொண்டே அவர் என்னுடைய ஒற்றைச் சீட்டுக்குப் போனார். "ஒங்களப் பிரிச்சு வச்ச பாவம் எனக்கு எதுக்கு" என்று அந்த அம்மாள் ஜன்னலோரத்தையும் விட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் இறங்கிக் காலியான எதிர்ப் பலகையில் இடம் பிடித்துக்கொண்டார். நான் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் உக்காந்துக்கவா அங்க?"

இருபத்தேழு வருடத்தில் ஜன்னலோரம் வேண்டுமா என்று நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்தாள். ராஜபாளையத்துக்கு அப்பால் மலை கூடவே வந்தது. சங்கரன்கோவிலில் அந்தத் தம்பதி இறங்கிப் போனார்கள், சட்னியைப் பற்றிப் பேசிக்கொண்டே.

அதன் பிறகு மனைவி என் மடியிலிருந்து பயணக் கோப்பை எடுத்தாள். முதல் தடவை. பரீட்சைப் பேப்பர் திருத்துவதுபோல் பக்கம் பக்கமாகப் படித்தாள். ஐந்தாம் நாளில் விரல் நின்றது. அங்கே நான் எழுதியிருந்தது: மாலை நான்கு முதல் ஆறு வரை, ஆற்றங்கரையில் பேசிக்கொண்டிருத்தல்.

"என்ன பேசுறதுன்னு போடலையே" என்றாள்.

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் திறந்தேன். அடுத்து, அந்த வெளிநாட்டு ரயிலில் சீட்டு எப்படிப் போட்டிருக்கிறேன் என்று கேட்டாள். எதிரெதிராக, இருவருக்கும் ஜன்னல் என்று பெருமையாகச் சொன்னேன்.

"எதிர்ல வேணாங்க. பக்கத்துல போடுங்க. எதிர்ல உக்காந்தா ஏதாச்சும் பேசணும்னு இருக்கும். பக்கத்துலன்னா சும்மா இருக்கலாம்."

செங்கோட்டையில் இறங்கி, ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பினோம். வழியில் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. வீட்டுப் பூட்டு பத்திரமாக இருந்தது.

ஏழு ஊர் இப்போது மூன்றாகிவிட்டது. கோப்பு சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. அவள் பென்சிலால் அடித்ததும் நான் அழித்து எழுதியதுமாக அசிங்கமாக இருக்கிறது. ஆற்றங்கரை வரியை மட்டும் இருவரும் தொடவில்லை. எப்போது கிளம்புவோம் என்று தெரியாது. மாதம் ஒரு சனிக்கிழமை செங்கோட்டை ரயிலில் ஏறுகிறோம். திருமங்கலத்துக்குப் பிறகு இப்போதும் பேச்சு நின்றுவிடுகிறது. யாராவது இடம் மாறச் சொல்லக் குனிந்தால், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "வீட்டுக்காரம்மா கூட வாராங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன்; சொல்லிவிட்டு, அது உண்மைதானா என்று ஜன்னலோரம் இருப்பவளின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.