யானை வராத பக்கம்

கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. கதவு வரவில்லை.

அது ஆடுகிறது என்று மனைவி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆசாரியைக் கூப்பிடப் போனவளைத் தடுத்து, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசினேன். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துடியலூரில் எங்கள் மாடி வீட்டுப் படுக்கையறையில், நானும் இரண்டரை வயது மகளும் உள்ளே. மனைவி வெளியே; அந்தப் பக்கக் கைப்பிடி சும்மா சுற்றுகிறது. என் செல்போனும் வெளியே, சார்ஜில்.

"ஏனுங்க, அங்கயே இருங்க. ஆசாரிக்குப் போன் போடறேன்" என்றாள்.

வேறெங்கே போவது?

சற்று நேரத்தில் சேதி வந்தது. "காரமடைல ஒரு கண்ணாலத்துல இருக்காருங்களாம். பந்தில உக்காந்துட்டாராம். சாப்புட்டுப்போட்டு வாரேங்கறாரு."

"மெதுவாவே சாப்புடச் சொல்லு" என்றேன். கேலியாகச் சொல்ல நினைத்தது, குரல் ஒத்துழைக்கவில்லை. மகளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. மூடிய கதவு அவளுக்கு ஆகாது. நான் குளியலறைக் கதவைச் சாத்தினாலே வீடு ரெண்டாகும். ஆசாரி பாயசம் குடித்து முடித்து வந்து சேருகிறவரை அவள் கதவுப் பக்கம் திரும்பக் கூடாது. அறையில் இருந்ததோ ஒரு கட்டில், ஒரு பீரோ, மடிக்காத துணி, ஒரு படப் புத்தகம். புத்தகத்தை பீரோ மேல் ஒளித்து வைத்தவனும் நான்தான். நானே இறக்கினேன்.

கெட்டி அட்டை. பக்கத்துக்கு ஒரு குட்டிக் கதவு. திறந்தால் ஒரு பிராணி. "யார் அது? நான் எருமை" என்று அச்சிட்டிருக்கும். படிக்கிற எனக்கே கொட்டாவி. ஒருநாள் சலித்துப்போய், நம்மூர் வழக்கப்படி எருமைக்கும் மரியாதை கொடுத்து, "யாருங்க அது?" "நாந்தானுங்க எரும" என்று மூக்கால் இழுத்தேன். மகள் உருண்டு உருண்டு சிரித்தாள். எனக்குக் கர்வம் தாங்கவில்லை. அன்றோடு மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு வேறு யார் படித்தாலும் புத்தகத்தைப் பிடுங்கிவிடுவாள். புத்தகத்தை எழுதியவர் படிக்கிறவன் குரலுக்கென்று கொஞ்சம் இடம் விட்டு வைத்திருந்தார். அதில் நானாகப் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத்தான் வழியில்லை.

"தட் தட் தட். யாருங்க அது?"

கோழி, நாய், எருமை. கடைசியில் யானை. யானையின் கதவு கிழிந்தபோது நானே ஒட்டினேன், பசையைத் தாராளமாக அப்பி. அன்றிலிருந்து அது திறப்பதில்லை. மகள் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஆனை வல்லீங்க" என்பாள்.

"தூங்குதுங்க கண்ணு" என்பேன். தன்னை உள்ளே வைத்து ஒட்டியவன் இன்று அகப்பட்டுக்கொண்டதில் யானைக்கு நிச்சயம் சந்தோஷம்.

"மறுக்கா" என்றாள். மறுபடி படித்தேன். மறுக்கா. மறுக்கா. தொண்டை கட்டி, நாயும் எருமையும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தன. மகளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கிக் கதவிடம் போனாள். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டை.

"அம்மா?" உதடு பிதுங்கியது. எனக்கும்தான்.

அப்போது வெளியிலிருந்து தட் தட் தட்.

மகள் அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக, "யாருங்க அது?"

"நாந்தானுங்க கோழி" என்றாள் மனைவி. படிக்க அனுமதியே இல்லாதவள், அத்தனையையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்! அடுத்து நாயும் வந்து குரைத்தது.

"எரும?" என்றாள் மகள்.

"எரும உள்ளாறதானுங்க இருக்குது. கைப்புடியப் புடிச்சுட்டு நிக்கும், பாருங்க."

மகள் திரும்பினாள். கைப்பிடியோடு நான். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கலே வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மூக்கால் இழுத்தேன். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று பேரும் படித்துக்கொண்டிருந்தோம். புத்தகம் கட்டில் மேல் மூடிக் கிடந்தது.

திடீரென்று கதவே அதிர்கிற மாதிரி ஒரு தட்டல். அம்மாவின் கை இல்லை அது. மகள் என் காலைக் கட்டிக்கொண்டு, "யாருங்க அது?" என்றாள், பாதி பயம், பாதி ஆசை.

பதிலுக்கு ஏதோ கீச்சிட்டது. கதவு திறந்தது. பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவர், வாசலை அடைத்துக்கொண்டு ஆசாரி.

"ஆனைங்க!" மகள் அவரை அண்ணாந்து பார்த்தாள். "தும்பிக்கை எங்கீங்க?"

ஆசாரி என்னைப் பார்த்தார். என் கையில் இருந்ததையும் பார்த்தார். "பந்தில மறந்து வெச்சுப்போட்டு வந்துட்டனுங்க அம்மணி."

விட்டால் போதும் என்று நான் வெளியே ஒரு எட்டு வைத்தேன். அதற்குள் மகள் இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளிச் சாத்த ஆரம்பித்திருந்தாள்.

"மறுக்கா!"

கதவிடுக்கில் காலைக் கொடுத்தேன். கைப்பிடி இன்னும் என் கையில்தான் இருந்தது.