என் பக்கத்துப் பெடல்

நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில் என் வீட்டுக்காரர் விமானம் கட்டுகிறார் என்பதைக் குரும்பகரத்தில் பாதிப் பேர் நம்பவில்லை. நான் நம்பினேன். நான் நம்பாதது வேறு. அதில் இரண்டு இருக்கை. இரண்டாவது எனக்குத்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததை.

வால் சுக்கானைத் திருப்பும் பெடல்களைப் பொருத்திவிட்டு அன்று டீ குடிக்கப் போயிருந்தார். நான் ஏறி என் பக்கம் உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. நகர்ந்து உட்கார்ந்து விரலை நீட்டியும் எட்டவில்லை. பெடலின் மேல்பக்கத்தை அமுக்கினால் பிரேக் பிடிக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். அவர் பக்கம் அதற்குக் குழாய் இருந்தது, என் பக்கம் அதுவும் இல்லை. ஜாக்கெட் தைக்கிறவர்கூட அளவெடுக்காமல் துணியை வெட்டுவதில்லை. இவர் யாரை அளந்தார்? டீ குடித்துவிட்டு வந்ததும் கேட்டேன்.

“இது யார் காலுக்கு வச்சதுங்க?”

“பொதுவா வச்சதுதான்.”

பொதுவாக என்று அவர் சொன்னால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஞாயிறுதோறும் நெரவியிலிருந்து உதவிக்கு வரும் அவருடைய நண்பர் நல்ல உயரம். சாப்பாடு போடும்போது அவர் காலையே பார்த்தேன். அந்த இரண்டாவது சீட்டு உங்களுக்கா என்று கேட்டும்விட்டேன்.

“நானா? மாடிப்படி ஏறுனாலே எனக்குத் தலை சுத்தும் தங்கச்சி. போல்ட்டு முடுக்குறதோட சரி.”

என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மறுநாள் காரில் காரைக்காலுக்குப் போனோம். ஆடு ஒன்று குறுக்கே வந்தது. வழக்கம்போல் என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அவர் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு ஆட்டைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார்.

“இதுக்குத்தானா?” என்றேன்.

“நீ பயந்து ஒரு பக்கம் மிதிச்சா பிளேன் அந்தப் பக்கமே திரும்பிரும். அதான் எட்டாம வச்சேன்.”

“மிதிக்காதன்னு சொல்லியிருந்தா மிதிக்கமாட்டேன்ல.”

“கல்யாணமானதுலேர்ந்து சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

உண்மைதான். அதனாலேயே கோபம் அதிகமானது. என்னை ஏற்றிக்கொள்வார், ஆனால் மூட்டை மாதிரி. “கால் எட்டாத சீட்டுல நான் உக்கார மாட்டேன்” என்று சொல்லிவிட்டு மீன் வாங்க இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு பார்த்தால் என் பக்கத்துப் பெடல்கள் கிட்டே வந்திருந்தன, பிரேக் குழாயும் இருந்தது. இவ்வளவு சீக்கிரம் இறங்கிவருகிற ஆள் இல்லை இவர். குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறதா, சும்மா கண்துடைப்பா?

ஜாக்கி வைத்து என் பக்கத்துச் சக்கரத்தை இருவரும் தூக்கியிருந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் அதைச் சுழற்றிவிட்டு, “மிதி” என்றார். மிதித்தேன், நின்றது. கதவு வழியே எட்டிப் பார்த்தேன். அவர் கை டயருக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“ரெண்டு கையையும் தூக்குங்க.”

மறுபடி சுழற்றிவிட்டு, போலீஸிடம் மாட்டியவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கினார். நண்பரையும் தூக்கச் சொன்னேன். பிறகு மிதித்தேன்.

இத்தனை வருடம் மிதித்திருக்கிறேன், நான் மிதித்து எதுவும் நின்றதில்லை. இது நின்றது.