பசை போட்டு ஒட்டிய நெஞ்சு

ஐப்பசி இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு, சென்னையிலிருந்து வந்த ஆம்னி பஸ்ஸில் என் தங்கை மகளின் இதயம் மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கியது. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி.

பிள்ளைக்கு ஏழு வயது. உடம்புக்குப் போகும் ரத்தக் குழாய், நுரையீரலுக்குப் போகும் குழாய் இரண்டுமே வலது அறையிலிருந்து கிளம்பியிருந்தன. அறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடும். ஓட்டையிலிருந்து குழாய்வரை உள்ளுக்குள்ளேயே ஒரு வழி அமைக்க முடியுமா என்பது திரையில் பார்த்தால் தெரியவில்லை என்றார் அறுவை மருத்துவர். ஸ்கேன் படத்தை வைத்து அதே அளவில் ஒரு மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்து அனுப்புவார்களாம். அது இரண்டு பாதியாகத் திறக்கும். உள்ளே பார்த்துத்தான் எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது என்று முடிவெடுக்க வேண்டும். வியாழன் பத்து மணிக்கு அது அவர் மேசையில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இதை அவர் என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

பார்சலை வாங்கிவரும் வேலையையும் ஆஸ்பத்திரி எங்கள் தலையில் கட்டியது. நான் அலுவலக வேலையாகத் திருச்சியில் இருந்தேன். தங்கையும் அவள் கணவரும் வார்டை விட்டு நகர முடியாது. அதனால் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் அவருடைய அண்ணனுக்குப் போன் செய்தேன். "பிள்ளையோட நெஞ்சு வருது மச்சான், பத்திரமா வாங்கி வைங்க" என்றேன். என் வாயால் சொன்னது அவ்வளவுதான்.

புதன் இரவு மதுரை திரும்பினேன். வியாழன் காலை ஏழு மணிக்குத் திருநகர் வீட்டிலிருந்து மச்சானைக் கூப்பிட்டு, எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னேன். கோயிலில் இருக்கிறது என்றார். அவர்கள் குலதெய்வக் கோயிலில் கால் வலித்தால் காலும், கண் மறைத்தால் கண்ணும் தகட்டில் செய்து அம்மன் காலடியில் வைப்பார்கள். அந்த வரிசையில் இதையும் வைத்துவிட்டார்.

"நாம செஞ்சு வச்சா வெறுந் தகடு மாப்ள. இது டாக்டரே அளவெடுத்துச் செஞ்சதுல்ல."

பைக்கில் செக்கானூரணி தாண்டும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். முட்டாள் ஜனங்கள் என்று வாய்விட்டே சொன்னேன். கோயிலில் பூசாரி மறித்தார். காணிக்கையை எடுத்தால் பிள்ளைக்குத்தான் ஆகாது என்றார். அறைந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எடுத்துட்டு வாண்ணே. என்ன வந்தாலும் எந்தலையில வரட்டும்" என்றாள்.

சந்தனமும் குங்குமமுமாக இருந்ததைத் துடைத்துத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. ஊனமான உருவைச் சாமிக்கு வைக்கக் கூடாது. பெட்டிக்குள் இரண்டு துண்டாகக் கிடந்ததால் வழியில் உடைந்துவிட்டது என்று நினைத்து, பெட்டிக்கடையில் பசை வாங்கிச் சுற்றிலும் போட்டு ஒட்டியிருக்கிறார் மச்சான். மனிதர் வேலை சுத்தம். இடுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் அதைச் சின்ன ரம்பத்தால் அறுத்தார். பார்க்க வேண்டிய நடுச்சுவர் சில்லுசில்லாகப் பெயர்ந்து வந்தது. வெள்ளிக்கிழமை கிடையாது, இன்னொன்று வரப் பன்னிரண்டு நாளாகும் என்றார். கூடவே வந்து நின்ற மச்சானைப் பார்த்து, "படிச்சிருந்தா இப்படிச் செய்வாரா?" என்றார்.

வழி நெடுக நான் திட்டிய அதே திட்டுதான். மருத்துவர் வாயில் கேட்டபோது உடம்பெல்லாம் எரிந்தது.

"பெட்டியில இருந்தது முழுக்க இங்கிலீஷ் சார். ஒரு வரி தமிழ்ல போட்டிருந்தா அவர் படிச்சிருப்பார்" என்றேன்.

அந்தச் சீட்டு கம்பெனி ஒட்டுவது, தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்.

ஆறாம் நாள், புதன்கிழமை, பிள்ளை பல் தேய்க்கும்போதே சாய்ந்துவிட்டாள். புது மாதிரிக்காகக் காத்திருக்க முடியவில்லை. நெஞ்சைத் திறந்த பிறகுதான் வழி தேடினார்கள். ஆறு மணி நேரம் என்று சொன்னது ஒன்பதரை ஆனது. அந்தக் கூடுதல் மூன்றரை மணி நேரமும் என் தங்கை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. பிள்ளை பிழைத்தாள்.

இரண்டாவது மாதிரி அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று பார்சல் ஆபீசிலிருந்து எனக்குப் போன் வந்தது. எதற்கு என்று கேட்டேன். உங்கள் பெயரில் வந்திருக்கிறது என்றார்கள்.

வார்டுக்கு வெளியே மச்சான் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, இரண்டு பாதியையும் விரித்து, நடுச்சுவர் ஓட்டையில் என் சுண்டு விரலை விட்டுக் காட்டினேன். அவர் தன் விரலையும் விட்டுப் பார்த்தார்.

"இம்புட்டு ஓட்டையோடயா மாப்ள ஏழு வருசம் திரிஞ்சா?"

ஆமாம் என்றேன்.

"இது தொறக்கும்னு ஒரு வார்த்தை நீ சொல்லலையே."

என் கோபம் இன்னும் தீரவில்லை. "சொல்லலைதான் மச்சான்" என்று இரண்டு பாதியையும் அவர் கையில் கொடுத்தேன்.