விடுதி உங்களோடது, கண்ணு என்னோடது

என் நாத்தனாரைப் பத்தி யாராவது "பாவம், தனியா இருக்காங்க"ன்னு சொன்னா எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும். பாவமா? அவங்களா? படம் வரைஞ்சா சோறு வேகுமான்னு கேட்டுக் காகிதத்தை அடுப்புல போட்ட புருஷனை விட்டுட்டு, தையல் மெஷினைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்தவங்க அண்ணி. இப்ப எங்க தெருவுல சொந்தமா தையல்கடை. துணி வெட்டுற பழுப்புக் காகிதத்துலதான் படமும். ஆளை நிக்க வெச்சு அளவெடுக்காம துணியில கத்தரி வைக்க மாட்டாங்க. கண்ணால பாக்காததை வரையவும் மாட்டாங்க.

கடைக்கு எதிர்ல ரொம்பப் பழைய காலத்துப் பயணிகள் விடுதி. அதோட மர பால்கனியை இடிச்சுட்டுக் கண்ணாடி வைக்கப் போறாங்கன்னு பேச்சு அடிபட்டுச்சு. அன்னைக்கே அண்ணி ஸ்டூலைத் தூக்கித் தெருவோரம் போட்டுட்டாங்க. இடிக்கிறதுக்குள்ள வரைஞ்சாகணும். வாசல், சுவர், ஜன்னல்னு படம் கீழேயிருந்து மேலே ஏறிக்கிட்டு இருந்துச்சு, பால்கனிதான் பாக்கி.

விடுதி முதலாளி இதைப் பாத்துட்டார். படம்னு ஒண்ணு வந்தா, இடிக்காதேன்னு ஊரே திரண்டு நிக்கும்னு பயம். யாரைக் கேட்டு என் விடுதியை வரையறேன்னு தெருவுலயே எகிறினார்.

"விடுதி உங்களோடது. கண்ணு என்னோடது"ன்னாங்க அண்ணி, கையை நிறுத்தாம.

மனுஷன் சும்மா இருப்பாரா? வேனைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணி வேனையும் சேர்த்து வரைஞ்சாங்க, நசுங்கின கதவு உட்பட. கடைசியில பால்கனி பூரா பச்சைத் துணி கட்டி மறைச்சுட்டார். தினம் பாத்ததுதானே, மனசுல இருக்கிறதை வரைஞ்சுடுங்கன்னு நானும் என் புருஷனும் கெஞ்சினோம். முறைச்சாங்க பாருங்க, அப்பா!

மறுநாள் பெட்டியும் கையுமா என்னையும் இழுத்துக்கிட்டு விடுதிக்குள்ளயே போயிட்டாங்க. வரவேற்பு மேஜையில இருந்த பொண்ணு வேலைக்குப் புதுசு, எங்களைத் தெரியாது. மாடியில பால்கனி வெச்ச ரூம் வேணும்னாங்க அண்ணி. சாவி கைக்கு வந்துடுச்சு. ரூமுக்குள்ள நுழைஞ்சதும் நான் கதவைத் தாழ் போட்டேன். இவங்க நிதானமா பெட்டியைத் திறந்து, பாதி வரைஞ்ச படத்தை எடுத்து விரிச்சு, செதுக்கின தூண் ஒவ்வொண்ணையும் அளவுநாடா வெச்சு அளந்து, வெறுமனே விட்டிருந்த இடத்துல வரைய ஆரம்பிச்சாங்க.

விஷயம் தெரிஞ்சு முதலாளி வந்து கதவை இடிச்சார். திறந்தது நான்தான். எங்கேயிருந்து தைரியம் வந்துச்சோ, வந்து தங்குறவங்களை இப்படித்தான் தொந்தரவு பண்ணுவீங்களான்னு கேட்டுட்டு அவர் மூஞ்சிக்கு நேராவே சாத்திட்டேன்.

பால்கனியை இடிச்சுட்டாங்க. தடுக்க முடியல. இன்னைக்கும் வயிறு எரியுது. ஆனா படம் எங்க கடைக் கண்ணாடிக்குள்ள விடுதியைப் பாத்தபடி தொங்குது. அங்க தங்க வர்றவங்க இங்க நின்னு பாத்துட்டுப் போய், அந்தப் பால்கனி எங்கேன்னு முதலாளியைக் கேக்குறாங்க.

போன வாரம் அவரே வந்தார். வரவேற்பறையில மாட்டணும், கேட்டதைத் தரேன், படத்தைக் கொடுத்துடுங்கன்னு தழைஞ்சு பேசினார்.

அண்ணி தைக்கிறதை நிறுத்தல.

"தர மாட்டேன். பாக்கணும்னா தெருவுல நின்னு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. இங்க யாரும் விரட்ட மாட்டாங்க."