ஐஸ் பெட்டியில் போன இரத்தம்

வவுனியா ஆய்வுகூடத்தில் அன்று நின்றவர்கள்: நான். மீன் வியாபாரம் செய்யும் என் தம்பி. இரத்தம் வாங்கி வைக்கும் மிஸ். கிருமி பார்க்கும் டொக்டர். வேறு யாருமில்லை.

என் மனுசன் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெருப்புக் காய்ச்சல், டைபொயிட். கொடுத்த மருந்துக்கு இறங்கவில்லை. இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் எந்த மருந்துக்கு அது சாகும் என்று தெரியும். அந்த வசதி வவுனியாவில் இருந்தது. சண்டை நின்ற சமாதான காலம், பாதை திறந்திருந்தது. இரத்தம் விட்ட போத்தலைத் தம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டு போனான். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

நான் உள்ளே போக, அவன் மீன் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். போத்தல் ஐஸுக்குள் கழுத்து வரை புதைந்து கிடந்தது.

"ஆரடா ஐஸில வைக்கச் சொன்னது?" என்றேன்.

"இந்த வெயிலுக்குப் பாரை மீனே பழுதாப் போகுது அக்கா. இரத்தம் நிக்குமே?"

மிஸ் தலையில் கை வைத்தார். "அண்ணை, இது கறிக்கில்லை. கிருமி வளரோணும். குளிரில வைக்கக் கூடாது."

திரும்பப் போய் இரத்தம் எடுத்து வர இன்னும் ஒரு நாள் போகும். அவர் தாங்குவாரோ தெரியாது.

டொக்டர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "செத்திருக்காது. அடங்கிக் கிடக்கும். பாப்பம்."

"கிருமிக்குக் குளிர் தெரியுமோ டொக்டர்?"

"ஓம். அதுக்குள்ள சின்னச் சின்ன நூல் துண்டுகள் மாதிரி இருக்கு. ஆர்.என்.ஏ. எண்டு சொல்லுறது. குளிர் எண்டால் இந்த வேலையை நிப்பாட்டு, சூடு எண்டால் அந்த வேலையைத் தொடங்கு எண்டு அதுகள்தான் மாத்திவிடுறது. உங்கட மனுசன்ர உடம்புக்குள்ள போனாப்பிறகு வருத்தமாக்கிற வேலையைத் தொடங்கினதும் அப்பிடித்தான்."

"அப்ப என்ர மனுசி மாதிரி. குளிருக்கு எழும்பாது," என்றான் தம்பி.

மிஸ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

போத்தலைச் சூட்டு அலுமாரிக்குள் வைத்தார்கள். இரவு பூவரசங்குளத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். விடிய வந்து வாசலில் இருந்தேன்.

மிஸ் வெளியே வந்தார். "அக்கா, போத்தல் கலங்கிட்டுது. கிருமி வளருது."

ஒரு கிருமி வளருது என்று கேட்டு எனக்கு மூச்சு வந்தது.

அதற்கு மறுநாள் டொக்டர் மருந்தின் பெயரைச் சொன்னார். பழைய மருந்து ஒன்றுக்கும் அது சாகாதாம், இதற்குச் சாகுமாம். தம்பி அந்தப் பெயரோடு கிளிநொச்சிக்கு ஓடினான். அன்றே, நான் பஸ்ஸில் போய்ச் சேர முன்னமே, ஊசி ஏற்றினார்கள்.

காய்ச்சல் உடனே விடவில்லை. நூற்றுமூன்றிலிருந்து மெல்ல மெல்லத்தான் இறங்கியது. ஒரு காலை அவர் படுக்கை நனைய வேர்த்து, எழும்பிச் சோறு கேட்டார். தாதி காய்ச்சல் பார்த்தார். எவ்வளவு என்று கேட்டேன்.

தொண்ணூற்றெட்டு தசம் நாலு.