முதலில் பேசிய வாய்

அப்துல் கையூம் சின்னராசுவுக்கு எட்டாயிரத்து நானூறு சிங்கப்பூர் வெள்ளி கடன்பட்டிருந்தார். ஆறு மாதமாகப் பிடித்துவைத்த அரைச் சம்பளம் அது.

கையூம் லேசுப்பட்ட ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர். டன்லப் தெருவில் தட்டுக் கழுவி, அதே தெருவில் சொந்தமாகப் பிரியாணிக் கடை போட்டவர். படித்தவன் விரல் விட்டு எண்ணுவதற்குள் மனக்கணக்கில் விடை சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவர்தான் சுவா சூ காங்கில் ஒரு கிளையைத் திறந்துவிட்டு, ஒன்றரை வருடமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். சின்னராசுவின் அரைச் சம்பளம் போனதும் அதற்குத்தான்.

மாதம் முதல் தேதி, அஸர் தொழுகை முடிந்ததும் கடை விஷயம் பேச மூவர் உட்காருவார்கள்: கையூம், தலைமைச் சமையல்காரர் சின்னராசு, கணக்குப் பார்க்கும் அக்காள் மகள் நஃபீசா. மூத்தவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அதுதான் வழக்கம்.

அன்றும் அவரே தொடங்கினார். "அறுபதாயிரம் போட்டாச்சு. இப்ப மூடினா அத்தனையும் போச்சு. பன்னெண்டாயிரத்துல ஒரு புது அடுப்பு வாங்கிட்டா தூக்கி நிறுத்திடலாம். பணம்கூட எடுத்து வச்சிட்டேன்."

சின்னராசு தலையாட்டினார். நஃபீசா ஆட்டவில்லை.

"மாமா, மூடினாலும் அந்த அறுபதாயிரம் வராது, திறந்து வச்சாலும் வராது லா. வேற ஒருத்தர் இதே கடையை இன்னைக்குப் பன்னெண்டாயிரத்துக்குத் தர்றேன்னா வாங்குவீங்களா?"

"சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டேன்! யாரைப் பார்த்துக் கேக்குற? எனக்கென்ன கிறுக்கா?"

சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். சின்னராசு குபீரென்று சிரித்துவிட்டு, உடனே கன்னத்தைப் பொத்திக்கொண்டார். கடைவாய்ப் பல் மூன்று போய்விட்டது. முழுச் சம்பளம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார். கறி வெந்ததா என்று கடித்துப் பார்க்க முடியாமல் விரலால் நசுக்கித்தான் பார்ப்பார். கையூம் அதைத் தினமும் பார்த்தவர்தான். பார்க்காத மாதிரி இருந்தவரும்தான்.

"கடை தேறாதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"நாலாம் மாசமே தெரியும் பாய்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"நீங்கதான் முதல்ல பேசிடுறீங்களே. அதுக்கு மேல நான் பேசினா நல்லாவா இருக்கும்?"

அன்றைக்குக் கையூமுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருடமாகத் தன் உப்பைத் தின்றவன் சின்னராசு என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறார். இந்த ஆறு மாதமாகத் தின்றது யார், யாருடைய பல்லை?

மறுநாளே மறுபடி கூட்டினார். "இன்னைக்கு நான் கடைசியாத்தான் பேசுவேன். நீ சொல்லு, ராசு."

"மூடிடலாம் பாய்."

"மூடிடலாம் மாமா," என்றாள் நஃபீசா.

கையூம் தலையாட்டினார். அடுப்புக்கென்று வைத்திருந்த உறையைப் பிரித்தார்.

"கையை நீட்டு."

"இருக்கட்டும் பாய், மெதுவா..."

"நீட்டுடா!"

சூட்டுத் தழும்பு ஏறிய உள்ளங்கை விரிந்தது. ஐம்பது வெள்ளித் தாள்களாக, வாய்விட்டு எண்ணி வைத்தார். நூற்று அறுபத்தெட்டாவது தாளை வைத்த பிறகும் அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லாமல், கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.