கப்பல் வராத நாட்களில் வலிக்காத வயிறு

முதலில் தொப்புளைச் சுற்றி 'கடமுடா' என்று ஒரு சத்தம் கேட்கும், காலிப் பானைக்குள் யாரோ கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி. அடுத்து முறுக்கிப் பிடிக்கும் வலி, அதற்கடுத்து கொல்லைப்பக்கம் ஓட்டம். சாப்பிட்டு எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் இந்த மூன்றும் வரிசை தப்பாமல் வந்துவிடும். அறுபதுகளில் நாங்கள் அந்தமானில், போர்ட் பிளேரின் லம்பா லைன் பகுதியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அரசாங்கக் குமாஸ்தா வேலை, எனக்கு எட்டு வயது, சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே நடுக்கம்.

நடுங்கக் காரணம் இருந்தது. என் அக்கா செல்வி இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில், காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக மூன்றே நாள் கிடந்து செத்துப்போனாள். வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை, ஆனால் நான் கொல்லைக்கு ஓடும்போதெல்லாம் அம்மாவின் முகம் வெளுத்துப்போகும். திரும்பி வந்ததும் தண்ணியாகப் போனதா, சீதமாகப் போனதா, ரத்தம் உண்டா என்று தோளைப் பிடித்து உலுக்குவாள். அடுத்தது நான்தான் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

அம்மா சந்தேகப்படாத பொருள் கிடையாது. மீன்தான் காரணம் என்று மீனை நிறுத்தினாள், பிறகு தேங்காயை, பிறகு பப்பாளியை. கிணற்றுத் தண்ணீர்தான் என்று அப்பா சொல்ல, கொதிக்கவைத்து ஆற்றித் தந்தாள். 'கண்ணேறு' என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஓமத் தண்ணீர் குடித்துக் குடித்து என் நாக்கே மரத்துப்போனது. இத்தனையிலும் ஒன்றை மட்டும் அவள் நிறுத்தவில்லை. மெட்ராஸ் கப்பலில் வருகிற பால் பவுடரைக் கரைத்து, காலையும் மாலையும் சாப்பாடு முடிந்ததும் ஒரு பெரிய டம்ளர் நிறைய எனக்குத் தருவாள். பசும்பால் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த ஊரில் அந்த டப்பா எங்களுக்குப் பொக்கிஷம். அவளும் அப்பாவும் வரக்காப்பி குடித்துக்கொண்டு அதை எனக்கென்றே வைத்திருந்தார்கள். குடிக்க மாட்டேன் என்று ஒரு தடவை அடம்பிடித்தேன். அம்மா என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி நாள் செல்வி பால் வேண்டாம்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. நீயும் திருப்பிராதடி தங்கம்."

அதன் பிறகு எந்தப் பிள்ளை மறுக்கும்? ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அந்த வருஷம் கடல் மோசமாக இருந்ததால் வாரக்கணக்கில் கப்பல் வரவில்லை. வெங்காயம் தீர்ந்தது, பருப்பு தீர்ந்தது, பால் டப்பாவைச் சுரண்டி அதுவும் தீர்ந்தது. ஊரே வாடிப்போய் இருந்தபோது எனக்கு மட்டும் வயிறு வலிக்கவில்லை. ஓமத் தண்ணீர் இப்போதுதான் வேலை செய்கிறது என்றாள் அம்மா. பிறகு ஒரு நாள் கப்பல் சங்கு ஊதியது; 'ஜஹாஜ் ஆகயா', கப்பல் வந்தாச்சு என்று லம்பா லைனே தெருவுக்கு வந்து சிரித்தது, அன்று சாயங்காலமே பால் டம்ளரும் வந்தது, விளக்கு வைப்பதற்குள் வலியும் வந்துவிட்டது. அதிலிருந்து அந்தச் சங்குச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வேன். எனக்குச் சந்தேகம் தட்டாமல் இல்லை. ஆனால் பால் வேண்டாம் என்றவள் செத்துப்போனாள் அல்லவா, அதை எப்படி நான் வாய்விட்டுச் சொல்வது?

உடம்பு துரும்பாக இளைத்ததும் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனார், அம்மாவும் கூட வந்தாள். அங்கிருந்த கம்பவுண்டர் ஒரு வங்காளி, வயதானவர், ஹிந்தியில்தான் பேசுவார். அம்மாவுக்கோ ஹிந்தியில் எவ்வளவு என்பதற்கு 'கித்னா', போதும் என்பதற்கு 'பஸ்' என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் தெரியாது. எப்போது வலி இல்லாமல் இருந்தாய் என்று அவர் என்னைக் கேட்டார். கப்பல் வராதபோது என்றேன். சிரித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டு, கப்பலில் உங்கள் வீட்டுக்கு என்னென்ன வரும் என்று அப்பாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு பாலை நிறுத்துங்கள், சில வயிறுகளுக்கு அது சேராது என்றார்.

அப்பா அதைத் தமிழில் சொன்னதும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்விக்கும் மூணு நாளும் நான்தானே ஊத்திக் குடுத்தேன். அவ போனது அதனாலயான்னு கேளுங்க."

அப்பா கேட்கவில்லை. கம்பவுண்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் படித்ததால் எனக்கு அவரைவிட நன்றாக ஹிந்தி வரும், நானும் கேட்கவில்லை. ஆமாம் என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டால் அம்மா என்ன ஆவாள் என்று பயந்தேன்.

பால் நின்றது, நான் பிழைத்தேன். அம்மா அந்த டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு தன் கையால் அவள் யாருக்குமே பால் ஊற்றித் தந்ததில்லை; வருஷங்கள் கழித்து என் பிள்ளைகள் கேட்டால்கூட, "உங்கம்மாகிட்டப் போங்க" என்று எழுந்து போய்விடுவாள்.

என் மகனுக்கும் அதே வயிறு. சென்னையில் அவனைப் பார்த்த டாக்டரிடம் செல்வியின் கதையைச் சொன்னேன். பால் சேராத வயிறு வலிக்கும், பேதியாகும், ஆனால் மூன்று நாளில் உயிரை எடுக்காது என்றார். காய்ச்சலோடு போயிருந்தால் அது தண்ணீரிலோ உணவிலோ வந்த கிருமியாகத்தான் இருக்கும் என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த வாரமே, அம்மா இருந்த போர்ட் பிளேருக்கு விமானம் ஏறினேன். கப்பலுக்காக ஊரே காத்துக் கிடந்த காலம் போய்விட்டது. அந்த மருந்தகம் இருந்த இடத்தில் ஒரு கடை, அதன் குளிர்பெட்டியில் பால் பாக்கெட்டுகள் அடுக்கியிருந்தன. அப்பா இறந்தும் பல வருஷமாகியிருந்தது. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். கோபம் கொஞ்சமும் இல்லாமல் அவள் கேட்டாள்.

"உனக்கு அன்னைக்கே ஹிந்தி தெரியுமேடி?"